பலகைமீது பழி போடலாமா?

நாடியைப் பிடித்துப் பாராமலே மருந்து எழுதும் வைத்தியரை நாம் நம்புவதில்லை. ஆனால், பழுதான மின்கருவியைச் சோதித்துப் பாராமலே "போர்டு போய்விட்டது" என்று சொல்பவரிடம் மறுபேச்சின்றிப் பணத்தை எண்ணிக் கொடுத்துவிடுகிறோம். இது சரிதானா?

அண்மையில் என் அண்டை வீட்டாரின் மைக்ரோவேவ் அடுப்பு பழுதாயிற்று. எண்கள் ஒளிர்ந்தன, விளக்கு எரிந்தது, விசிறி ஓடியது, தட்டும் சுழன்றது. உள்ளே வைத்த தண்ணீர் மட்டும் சூடேறவில்லை. பார்க்க வந்தவர், கட்டுப்பாட்டுப் பலகையை மாற்ற வேண்டும் என்றார். அதற்கு அவர் கேட்ட தொகை, புது அடுப்பின் விலையில் ஏறத்தாழப் பாதி!

இந்தப் பலகையின் வேலை என்ன? அதிலுள்ள சிறிய மின்மாற்றி 230 வோல்ட்டைக் குறைத்துக் கொடுக்கிறது. அந்தக் குறைந்த மின்னழுத்தத்தில் இயங்கும் ஒரு சில்லு, நாம் அழுத்தும் பொத்தானை அறிந்து, நேரத்தை எண்ணி, ரிலேக்களை இயக்குகிறது. ரிலே என்பது மின்காந்தத்தால் இயங்கும் சுவிட்ச். பல அடுப்புகளில், அது மூடியதும் கதவின் பாதுகாப்புச் சுவிட்சுகள் வழியாகப் பெரிய மின்மாற்றிக்கு மின்சாரம் செல்கிறது. அங்கிருந்து டயோடும் மின்தேக்கியும் சேர்ந்து சுமார் 4,000 வோல்ட்டை மாக்னெட்ரானுக்கு அளிக்கின்றன. மாக்னெட்ரான் வெளியிடும் 2,450 மெகாஹெர்ட்ஸ் அலைகளே தண்ணீரைச் சூடாக்குகின்றன. ஆக, பலகை கட்டளை இடும் அதிகாரி மட்டுமே, உழைப்பவர்கள் வேறு.

இந்த வரிசை தெரிந்துவிட்டால், மூடியைத் திறக்காமலே பாதி உண்மையைக் கண்டுவிடலாம். எண்களே ஒளிரவில்லையா? பிளக், பியூஸ், வெப்பத் தடுப்புச் சுவிட்ச், பிறகுதான் பலகையின் சிறிய மின்மாற்றி என்று ஐயுற வேண்டும். எண்கள் ஒளிர்கின்றன, சில பொத்தான்கள் மட்டும் வேலை செய்யவில்லை என்றால், பொத்தான் தகட்டிலோ அதன் நாடா இணைப்பிலோ குறை இருக்கலாம். பொத்தானைத் தொடாமலே, கதவை மூடியவுடன் அடுப்பு ஓடத் தொடங்குகிறதா? ரிலேயின் முனைகள் உருகி ஒட்டிக்கொண்டிருக்கக் கூடும். அப்போது பலகைமீது ஐயம் கொள்வது நியாயமே.

அண்டை வீட்டு அடுப்புக்கு வருவோம். இரண்டாவதாக வந்த முதிய மெக்கானிக், ஒரு குவளைத் தண்ணீரை உள்ளே வைத்து, அடுப்பை ஓடவிட்டுக் காது கொடுத்துக் கேட்டார். ரிலேயின் 'டிக்' ஒலி வந்தது. பெரிய மின்மாற்றியின் 'ம்ம்' என்ற முனகல் வரவில்லை. கட்டளை பிறந்திருக்கிறது, ஆனால் மின்மாற்றியைச் சென்று அடையவில்லை! 'டிக்' ஒலி கேட்டதாலேயே ரிலேயின் முனைகள் மின்சாரத்தைக் கடத்துகின்றன என்று சொல்லிவிட முடியாது. எனவே ரிலே முனை, அதன் ஈயப்பற்று, கதவுச் சுவிட்ச் ஆகிய மூன்றும் ஐயத்துக்கு உரியவை. அவர் பிளக்கைக் கழற்றி, மின்தேக்கியின் மின்னூட்டத்தை நீக்கிய பிறகே, மல்டிமீட்டரால் ஒவ்வொன்றாகச் சோதித்தார். கதவுச் சுவிட்சு ஒன்றின் முனை கருகியிருந்தது. அதை மாற்றியதும் அடுப்பு சூடேறியது. பலகை குற்றமற்றது!

மாணவர்களே, ஓர் எச்சரிக்கை. இதைப் படித்துவிட்டு நீங்கள் அடுப்பைத் திறக்கவே கூடாது. பிளக்கைக் கழற்றிய பின்னும் மின்தேக்கியில் 2,000 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கக் கூடும். அதைத் தானாக வடித்துவிட உள்ளே ஒரு மின்தடை வைப்பதுண்டு. அதுவும் பழுதாகியிருந்தால் உங்களுக்கு எப்படித் தெரியும்? அடுப்பு ஓடும்போது உள்ளே இருக்கும் மின்னழுத்தமோ உயிரையே பறித்துவிடும். உற்றுப் பார்ப்பதும் கேட்பதும் குறித்துக் கொள்வதும் உங்கள் வேலை; திறப்பது பயிற்சி பெற்றவரின் வேலை.

"முழுப் பலகையையும் மாற்றிவிடுவது விரைவான வழி அல்லவா?" என்று சிலர் கேட்பார்கள். பழுது பலகையில்தான் என்று உறுதியானால் மாற்றட்டும். உறுதியாகும் முன் மாற்றுவது பழுது பார்த்தல் அன்று, சூதாட்டம். பணம் வீண், நல்ல பலகையும் குப்பைக்குப் போகிறது.

இந்தக் குறைக்கு நம் கல்விமுறையும் ஒரு காரணம் என்பேன். ஆய்வகத்தில் விடை முன்னரே தெரிந்த சோதனைகளையே செய்கிறோம். ஓம் விதியைச் சரிபார்க்கிறோம். கம்பி எங்கே அறுந்தது என்று தேடியதில்லை. ஒரு மின்கலம், ஒரு ரிலே, ஒரு சிறு விளக்கு இவற்றால் ஆன சுற்றில் ஆசிரியர் ஒரு பழுதை ஒளித்து வைக்கட்டும். மாணவர் முதலில் ஊகத்தை எழுதட்டும். அதைப் பொய்யாக்கக் கூடிய சோதனை ஒன்றைச் செய்யட்டும். பிறகு முடிவு சொல்லட்டும். செய்முறைத் தேர்வில் இதற்கு மதிப்பெண்ணும் தரலாம்.

அந்த முதியவர் கல்லூரியில் படித்தவர் அல்லர். ஆனால் விஞ்ஞான முறை அவர் கையில் இருந்தது. அது நம் மாணவர் கையிலும் இருக்க வேண்டாமா?