கையால் கணக்கிடும் பயிற்சியை நிறுத்தக் கூடாது: பயிற்றுநர் சங்கத்தின் நிலைப்பாடு

மாணவ விமானிகளுக்கான இ-6பி (காற்று, வேகம், எரிபொருளைக் கையால் கணக்கிட உதவும் வட்டத் தட்டு) வகுப்புகளை நிறுத்திவிட்டு, டேப்லெட் செயலியைக் கொண்டே நேவிகேஷன் பாடத்தை முடித்துவிடலாம் என்ற யோசனை குறித்து, கொல்கத்தாவில் பணியாற்றும் பயிற்றுநர்களாகிய எங்கள் நிலைப்பாடு இது. பின்னணியை உறுப்பினர்கள் அறிவார்கள்.

1. செயலிகளைச் சங்கம் எதிர்க்கவில்லை. வானிலை, நோட்டாம் (விமானிகளுக்கான அறிவிப்புகள்), எடைச் சமநிலை ஆகியவற்றுக்கு அவை பெரிதும் உதவுகின்றன. டேப்லெட்டின் செலவை யார் ஏற்பது என்பதில் ஒருமித்த கருத்து எட்டப்படாததால், அதை இப்போதைக்கு ஒதுக்கிவைக்கிறோம்.

2. பாதுகாப்பு பற்றிய கேள்வியை அப்படி ஒதுக்க முடியாது. ஜிபிஎஸ் குறுக்கீடு குறித்து சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் (டிஜிசிஏ) 2023 நவம்பரிலேயே சுற்றறிக்கை விட்டது. 2025 டிசம்பரில் மாநிலங்களவையில் விமானப் போக்குவரத்து அமைச்சர் அளித்த பதிலில், இத்தகைய புகார்கள் வரும் விமான நிலையங்களில் கொல்கத்தாவும் இருந்தது. சிக்னல் அறுந்துபோனால் திரையே சொல்லிவிடும். போலி சிக்னல் வந்தாலோ, தவறான இடத்தைத் திரை தயக்கமின்றிக் காட்டிக்கொண்டிருக்கும். அது பொய் என்று கண்டுகொள்ள, தானே கணக்கிட்ட ஓர் எண் விமானியிடம் இருக்க வேண்டும்.

90 நாட் வேகத்தில் பறக்கும் பயிற்சி விமானத்தை 20 நாட் பக்கக்காற்று தள்ளுகிறது என்று கொள்வோம். திருத்தம் செய்யாவிட்டால் 40 நிமிடத்தில் விமானம் 13 நாட்டிகல் மைல் விலகிவிடும். இ-6பி தட்டில் காற்றைக் குறித்து, ஏறத்தாழ 13 டிகிரி திருத்தம் வேண்டும் என்று தன் கையால் கண்ட மாணவர், திரை 3 டிகிரி என்று காட்டினால் உடனே சந்தேகப்படுவார். செயலியை மட்டுமே அறிந்தவர் எதை வைத்துச் சந்தேகப்படுவார்? கால்பைசாகி இடிப்புயல் வீசும் மாதங்களில் காலையில் கிடைத்த காற்றுக் கணிப்பு மாலை வரை நிற்காது என்பதை இங்கே பறப்பவர்களுக்கு நாங்கள் சொல்லித்தர வேண்டியதில்லை.

எண்ணைச் சரிபார்க்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணம்: 1989 செப்டம்பரில் பிரேசிலின் வாரிக் 254 பயணிகள் விமானம், 027 டிகிரியில் போவதற்குப் பதிலாக 270 டிகிரியில் பறந்து, எரிபொருள் தீர்ந்து அமேசான் காட்டில் இறங்கியது. பார்த்த எண் பொருந்துகிறதா என்று கேட்கும் பழக்கம் அறையில் உட்கார்ந்து பலமுறை போட்ட கணக்கிலிருந்தே வரும். இந்தப் பயிற்சியை நேர விரயம் என்று சொல்வதை நாங்கள் வன்மையாகக் கண்டிக்கிறோம்.

3. டிஜிசிஏ தேர்வில் தேர்ச்சிக்கு வேண்டிய 70 விழுக்காடு எடுத்துவிட்டால் நேவிகேஷன் தெரிந்துவிட்டதாக ஆகாது.

4. எனவே சங்கம் கோருவது:

அ) 300 நாட்டிகல் மைல் தனி கிராஸ் கண்ட்ரி (தொலைதூர) பயணத்துக்கு முன், ஹெடிங், தரைவேகம், எரிபொருள் மூன்றையும் மாணவர் கையால் கணக்கிட்டுப் பயிற்றுநரிடம் காட்ட வேண்டும்.

ஆ) பயிற்றுநருடன் பறக்கும் ஒவ்வொரு நேவிகேஷன் பயணத்திலும் ஒரு கட்டத்தையாவது திரையை மூடிவைத்துப் பறக்க வேண்டும்.

இ) வகுப்பு நேரத்தை அந்தந்த நிலையம், இயன்றவரை பயிற்றுநர்களைக் கலந்து, முடிவு செய்துகொள்ளலாம்.

முதலிரண்டில் விட்டுக்கொடுக்க மாட்டோம். கணக்குப் போடத் தெரியாத மாணவரைத் தனியே அனுப்பக் கையெழுத்திடுமாறு எந்தப் பயிற்றுநரையும் எவரும் நிர்ப்பந்திக்கக் கூடாது. அப்படி நிர்ப்பந்தித்தால், மறுக்கும் பயிற்றுநருக்குச் சங்கம் முழுமையாகத் துணை நிற்கும்.