கேட்காமல் விட்டது நாம்தான்

மதுரையிலிருந்து ஆம்புலன்ஸ் வந்து தெருவில் நின்றால் உத்தரகோசமங்கையில் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது. வாசலில் கட்டிலைப் போட்டு வைக்கச் சொல்லி முன்பே போன் வந்திருக்கும். ஆக்சிஜன் குழாயோடு பெரியவரை இறக்கிக் கிடத்துவார்கள். ஆளுக்கொரு சொட்டுப் பால் வாயில் விட்டு முடித்ததும், வண்டியோடு வந்த பையன் மூத்த மகனைப் பார்ப்பான்: "எடுத்துரலாமாண்ணே?" மகன் தலையசைப்பார். நம் பக்கத்தில் கடைசி மருத்துவ முடிவு இப்படித்தான் எடுக்கப்படுகிறது.

அதற்கு முன்னால் ஆஸ்பத்திரியில் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டிருப்போம். டாக்டர் சொல்லை மீறி, சொந்த விருப்பத்தில் கூட்டிப் போகிறோம் என்று அதில் இருக்கும். "வீட்டுக்குக் கொண்டு போயிருங்க" என்று ஜாடை காட்டியதே அந்த டாக்டராகவும் இருக்கலாம். பழி மட்டும் தாளில் நம் பெயரில் இருக்கும். கூட்டி வரும் நாளையும் பல நேரம் நோய் குறிப்பதில்லை. நகையை அடகு வைத்த பணம் தீரும் நாள், அல்லது சவூதியிலிருந்து தம்பி வந்து இறங்கும் நாள். தம்பி வரும்வரை வென்டிலேட்டர் ஓடும். படுத்திருப்பவர் இதையெல்லாம் விரும்பினாரா என்று நமக்குத் தெரியாது. நாம் கேட்டதில்லை.

'சாவுற விஷயத்தில் கவர்மெண்டுக்கு என்ன வேலை?' என்று டீக்கடையில் கேட்கிறோம். நியாயமான கேள்விதான். ஆனால் அரசும் கோர்ட்டும் இதில் என்ன சொல்லியிருக்கின்றன என்று நாம் படித்துப் பார்க்கவில்லை. மும்பை கேஇஎம் மருத்துவமனை நர்ஸ் அருணா ஷான்பாக் 1973-ல் தாக்கப்பட்டு, 2015-ல் இறக்கும்வரை அதே மருத்துவமனையில் படுக்கையில் கிடந்தார். அவர் வழக்கில்தான், 2011-ல், உயர் நீதிமன்ற அனுமதியோடு உயிர்காப்புச் சிகிச்சையை நிறுத்தலாம் என்று உச்ச நீதிமன்றம் வழி திறந்தது. 2018 மார்ச் 9 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு, கண்ணியமாகச் சாவதும் வாழும் உரிமைக்குள் அடக்கம் என்றது. எனக்கு எந்தச் சிகிச்சை வேண்டாம், என் சார்பில் யார் பேசுவது என்று ஒருவர் நல்ல நினைவோடு இருக்கும்போதே எழுதி வைக்கலாம் என்றும் சொன்னது. அப்போது அதற்கு மாஜிஸ்திரேட் கையெழுத்து, கலெக்டர் அமைக்கும் மருத்துவக் குழு என்று ஏகப்பட்ட படிகள். 2023 ஜனவரியில் அதையும் குறைத்தார்கள். இரண்டு சாட்சிகள், நோட்டரி அல்லது கெஜட்டெட் அதிகாரி முன் கையெழுத்து போதும். முடிவெடுக்க மருத்துவமனையில் மூன்று டாக்டர்கள். அதைச் சரிபார்க்க இன்னொரு குழு, அதில் மாவட்டத் தலைமை மருத்துவ அலுவலர் நியமிக்கும் ஒருவர். ஒவ்வொரு குழுவும் கூடுமானவரை 48 மணி நேரத்துக்குள் சொல்லிவிட வேண்டும். எழுதி வைக்காதவர்களுக்கும் குடும்பத்தின் சம்மதத்தோடு இதே வழி உண்டு.

எழுதியதன் நகலைப் பத்திரப்படுத்தும் பொறுப்பை உள்ளாட்சி அலுவலரிடம் கொடுத்திருக்கிறார்கள். கிராமத்தில் அது ஊராட்சி. வருடத்துக்கு ஆறு கிராமசபைகள் நடக்கின்றன. தெருவிளக்கு, குடிநீர், நூறு நாள் வேலைச் சம்பளம் எல்லாவற்றுக்கும் எழுந்து நின்று சத்தம் போடுகிறோம். இந்த நகலை யாரிடம் கொடுப்பது என்று எழுந்து கேட்கத் தோன்றவில்லை. கர்நாடக அரசு 2025 ஜனவரியில் இந்தத் தீர்ப்பை நடைமுறைப்படுத்தச் சுற்றறிக்கை விட்டபோது, அடுத்த மாநிலத்துச் செய்தி என்று பேப்பரை மடித்து வைத்தோம்.

இதைவிடப் பெரிய மௌனம் ஒன்று உண்டு. 2010-ல் விருதுநகர்ப் பக்கம் தலைக்கூத்தல் பற்றிப் பேச்சு எழுந்தது. படுத்த படுக்கையான முதியவருக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீர் கொடுத்து அனுப்பிவிடுவது. அது அந்த ஜில்லா என்றோம். 1985 வரை அதுவும் நம் ராமநாதபுரம் ஜில்லாதான். உச்ச நீதிமன்றம் அனுமதித்தது வேறு. அது பயனற்ற சிகிச்சையை நிறுத்துவது, நோயாளியின் சொல்லை முன்வைத்து. தலைக்கூத்தல் கொலை. அங்கே அவருடைய சொல்லுக்கு இடமே கிடையாது. ஆனால் படுத்திருப்பவரைக் கேட்காத விஷயத்தில் நம் வாசல் கட்டிலும் அதன் பக்கத்தில்தான் நிற்கிறது.

சிகிச்சையை நிறுத்துவதற்கும் கைவிடுவதற்கும் நடுவில் செய்ய நிறைய வேலை இருக்கிறது. படுக்கைப் புண்ணுக்கு மருந்து கட்டுவது, மூச்சுத் திணறலைக் குறைப்பது, புற்றுநோய் வலிக்கு மார்பின் கொடுப்பது. மார்பின் கிடைக்க முட்டுக்கட்டையாக இருந்த 1985-ம் வருடப் போதைப்பொருள் சட்டத்தை 2014-ல் திருத்திவிட்டார்கள். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வந்து செய்யும் நோய் ஆதரவு சிகிச்சையும் உண்டு. சர்க்கரை மாத்திரை கொடுக்க வரும் அக்காவிடம் மாத்திரையை மட்டும் வாங்கிக்கொண்டு, உள்ளே கிடக்கும் ஆத்தாவைப் பற்றி நாம் வாய் திறப்பதில்லை. புண் நாற்றம் வெளியே தெரிந்தால் கௌரவக் குறைச்சல்.

மாணிக்கவாசகர் நீத்தல் விண்ணப்பத்தை நம்ம ஊர்ச் சாமியிடம்தான் பாடினார் என்று வெளியூர்க்காரர்களிடம் பெருமையாகச் சொல்வோம். என்னைக் கைவிட்டுவிடாதே என்று கெஞ்சும் 50 பாட்டு. ஆருத்ராவுக்கு வரும் கூட்டத்துக்கு ஓதுவார் பாடக் கேட்டுக் கண் கலங்குகிறோம். ஆடி அமாவாசைக்கு அக்னி தீர்த்தத்திலும் தேவிபட்டினத்திலும் எள்ளும் தண்ணியும் இறைக்கத் தவறுவதில்லை. செத்தவருக்குச் செய்ய வேண்டியதெல்லாம் நமக்கு வரிசையாகத் தெரியும். சாகப்போகிறவரிடம் என்ன பேசுவது என்றுதான் தெரியவில்லை.

அரசு நுழையக் கூடாது என்று சொல்ல வேண்டுமானால், அந்த இடத்தில் நோயாளியின் சொல் இருந்தாக வேண்டும். அதை வாங்கி வைக்க வேண்டியவர்கள் நாம். அப்பா எழுந்து உட்கார்ந்து நன்றாகச் சாப்பிடும் நாளிலேயே கேட்டுவிட வேண்டும்: "ரொம்ப முடியாமப் போனா மதுரைக்குக் கொண்டு போகவாப்பா, வேணாமா?" அபசகுனமாகப் பேசுகிறான் என்று திட்டுவார். திட்டட்டும். திட்டி முடித்தபின் ஒரு பதில் சொல்வார். அதைத் தாளில் எழுதி, இரண்டு பேரைச் சாட்சி வைத்து, நோட்டரியிடம் கையெழுத்து வாங்கி, நகலை ஊராட்சி அலுவலகத்தில் கொடுப்போம். அங்கே வாங்க மறுத்தால், அடுத்த கிராமசபையில் எழுந்து சத்தம் போட நமக்கு ஒரு காரணம் கிடைக்கும்.