வேணும்னே பண்ணுதா உங்கள் நாய்?

"வேணும்னே பண்ணுது டாக்டர்! பகல் பூரா சமத்தா இருந்துட்டு, ராத்திரி நாம தூங்கினதும் நடு ஹால்ல போயி வச்சிருது..."

மூட்டுவலித் தைலம் வாங்க வருகிறவர்கள், பாட்டிலைப் பையில் வைத்துக்கொண்டே என்னிடம் கேட்கிற கேள்வி இது. சித்த வைத்தியர் என்றால் நாய்க்கும் ஒரு சூரணம் வைத்திருப்பார் என்று நினைக்கிறார்கள் போலிருக்கிறது!

சூரணம் கிடையாது. ஆனால் ஒன்று சொல்லியாக வேண்டும். வருஷக்கணக்கில் வெளியே போய்ப் பழகிய நாய், திடீரென்று ராத்திரியில் வீட்டுக்குள் நனைக்கிறது என்றால், அதைக் குறும்பு என்று நினைக்காதீர்கள். அதனால் அடக்க முடியவில்லை. இல்லாவிட்டால், அடக்க வேண்டிய நேரத்தை நாம்தான் நீட்டிவிட்டோம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். டி.வி. சீரியலுக்காக எட்டு மணிக்கே நாயை வெளியே கூட்டிப்போய் வந்து கதவைச் சாத்துகிறீர்கள். பத்து மணிக்கு மிச்சமிருக்கும் பால்சோறு. காலை ஆறரைக்குப் பால்காரர் மணியடிக்கும்போதுதான் மறுபடி கதவு திறக்கிறது. பத்தரை மணி நேரம்! அதே வீட்டில், சர்க்கரை வியாதிக்கார தாத்தா ராத்திரி மூன்று தடவை எழுந்து பாத்ரூம் லைட்டைப் போடுகிறார். அவரை யாரும் செருப்பால் அடிப்பதில்லையே?

அந்தக் காலத்தில் சோழவந்தான் தெருக்களில் இந்தப் பிரச்னையே கிடையாது. நாய் திண்ணைக்குக் கீழே படுக்கும், இல்லாவிட்டால் களத்து மேட்டில் படுக்கும். தோணினால் எழுந்து போய்விட்டு வரும். இப்போது அதை டைல்ஸ் போட்ட வீட்டுக்குள் கொண்டுவந்து கிரில் கேட்டைப் பூட்டிவிட்டோம். செல்லம்தான், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் சாவி நம்மிடம் இருக்கிறது என்பதை மறந்துவிடுகிறோம்.

சித்த மருத்துவத்தில் அடக்கக் கூடாத வேகங்கள் என்று பதினான்கைச் சொல்வோம். சிறுநீர், மலம், தாகம் மூன்றும் அதில் உண்டு. மனிதனுக்குச் சொன்னதுதான். ஆனாலும் 'சாயந்திரம் ஆறு மணிக்கு மேல் தண்ணிக் கிண்ணத்தை எடுத்துடறோம் டாக்டர்' என்று யாராவது பெருமையாகச் சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. சிறுநீரகம் பழுதான நாய்க்குத் தண்ணீரை நிறுத்துவது விஷம் வைத்தது போலத்தான். சர்க்கரை உள்ள நாய்க்கும் அப்படியே.

ஆமாம், நாய்க்கும் சர்க்கரை வரும்! எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் ஒன்பது வயது நாய் தினமும் ராத்திரி ஹாலை நனைத்தது. மூக்கைத் தேய்த்தார்கள், அடித்தார்கள். அது சோபாவுக்குப் பின்னால் போய் ஒளிந்து நனைக்கக் கற்றுக்கொண்டதுதான் மிச்சம். கடைசியில் வைகைக்கு அக்கரையில் கொண்டுபோய் விட்டுவிட்டு வரலாம் என்று பேச்சு. 'நாளைக்கு ஒரு நாள் பொறுங்க, மதுரைக்குக் கூட்டிப்போய் ரத்தம், மூத்திரம் பாருங்க' என்றேன். சர்க்கரை எகிறிக் கிடந்தது. இன்சுலின் ஆரம்பித்த சில வாரங்களில் ஹால் காய்ந்தது. அவர்கள் யோசித்தபடி செய்திருந்தால் வாயில்லா ஜீவன் தாகத்திலேயே செத்திருக்கும். தவிர, நாயை அடிப்பது, தண்ணீர் தராமல் வைப்பது, காரணமில்லாமல் கைவிடுவது மூன்றும் 1960-ஆம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம்.

இன்சுலின் என்றதும், 'சிறுகுறிஞ்சான் கொடுக்கலாமே, ஆவாரம்பூ கொடுக்கலாமே' என்று இறங்கிவிடாதீர்கள். நான் கல்லூரியில் படித்தது மனித உடம்பை. நாய்க்கு அளவு எனக்குத் தெரியாது. பக்கத்து வீட்டு மாமிக்கும் தெரியாது. வீட்டில் கிடக்கிற பாரசிட்டமால், புரூபன் மாத்திரைகள் நாயின் ஈரலையும் சிறுநீரகத்தையும் கெடுத்துவிடும். வெங்காயமும் உலர்திராட்சையும்கூட அதற்கு ஆகாது.

வீட்டிலேயே நீங்கள் பார்க்கக்கூடியது தண்ணீர்க் கணக்கு. அளந்து ஊற்றி, இருபத்துநாலு மணி நேரத்தில் எவ்வளவு குறைகிறது என்று குறித்து வையுங்கள். இருபது கிலோ நாய் சாதாரணமாக ஒரு லிட்டரைச் சுற்றிக் குடிக்கும். இரண்டு லிட்டரைத் தாண்டினால் கால்நடை மருத்துவரிடம் போக வேண்டியதுதான். அரிப்புக்கு ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்திருந்தாலும் இப்படிக் குடிக்கும். அதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். கருத்தடை செய்த பெண் நாய் தூக்கத்தில் படுத்த இடத்திலேயே கசியவிட்டு, எழுந்து திருதிருவென்று முழிக்கும். அதற்கு மருந்து இருக்கிறது. கருத்தடை செய்யாத பெண் நாய், பருவத்துக்கு வந்துபோன ஒன்றிரண்டு மாதத்துக்குள் தண்ணீராகக் குடித்து, சாப்பிடாமல் சோர்ந்து படுத்தால் கர்ப்பப்பையில் சீழ் கட்டியிருக்கலாம். அன்றைக்கே ஓடுங்கள். காலைத் தூக்கித் தூக்கி முக்கியும் சொட்டு வராத ஆண் நாய்க்கும் அதே அவசரம்தான்.

வயசான நாய் என்றால், ராத்திரி எங்கே இருக்கிறோம் என்றே அதற்குக் குழம்பும். ஒரு சின்ன விளக்கு எரியட்டும். தீபாவளி வெடிக்கும், வைகாசியில் ஜெனகை மாரியம்மன் திருவிழா வேட்டுக்கும் பயந்து நனைத்ததென்றால் அதைத் திட்டி என்ன பிரயோஜனம்?

எந்த வியாதியும் இல்லை என்று தெரிந்துவிட்டால், வேலை சுலபம். ராத்திரிச் சாப்பாட்டை ஏழு மணிக்குக் கொண்டுவாருங்கள். பாலை நிறுத்துங்கள், நிறைய நாய்களுக்கு அதுவே பேதிக்குக் காரணம். படுக்கப்போகுமுன், எத்தனை மணியானாலும், ஒரு தடவை வெளியே கூட்டிப்போங்கள். தெருமுனை வரை போய் வந்தால் உங்கள் சர்க்கரைக்கும் நல்லது!

நனைத்த இடத்தை அம்மோனியா கலந்த திரவத்தால் துடைக்காதீர்கள். மூத்திர வாடை மாதிரியே இருப்பதால் நாய் அங்கேயே திரும்ப வரும். கையுறை போட்டுக்கொண்டு, பழைய துணியால் ஒற்றியெடுத்து, சோப்புத் தண்ணீரில் கழுவி, பிறகு வினிகர் கலந்த தண்ணீரால் துடைத்தால் போதும். வினிகரோடு பிளீச்சிங் பவுடரை மட்டும் சேர்க்கக் கூடாது, விஷவாயு வரும். கையுறை எதற்கு என்கிறீர்களா? வயல், கொடிக்கால் என்று எலி திரிகிற ஊர் நம்முடையது. எலிக்காய்ச்சல் கிருமி நாய்க்கும் வரும், அதன் மூத்திரம் வழியாக நமக்கும் வரும். அதற்கு நாய்க்குத் தடுப்பூசி இருக்கிறது, கேட்டுப் போடுங்கள்.

மருத்துவரிடம் போகிற அன்று, விடிந்ததும் நாய் வெளியே போகும் முதல் நீரைப் பிடித்துப் போங்கள். ஒரு பழைய குழம்புக் கரண்டியை நன்றாகக் கழுவிக் காயவைத்து, பின்னாலிருந்து சத்தமில்லாமல் நீட்டினால் ஏந்திவிடலாம். சுத்தமான சின்ன டப்பாவில் ஊற்றி மூடி, சீக்கிரமே கொண்டுபோய்க் கொடுங்கள். அந்தக் கரண்டியை மட்டும் மறுபடி அடுப்படிக்குக் கொண்டுபோகாதீர்கள்!