நினைவுக்கு வேலி போட்டது யார்?

பாலாறு, செய்யாறு, வேகவதி ஆகிய மூன்று நதிகளும் கூடும் இடம் திருமுக்கூடல். காஞ்சீபுரத்தை அடுத்த சிறிய ஊர். அங்குள்ள பெருமாள் கோயில் சுவரில் ஒரு நீண்ட கல்வெட்டு இருக்கிறது. 11-ம் நூற்றாண்டில், வீரராஜேந்திர சோழன் காலத்தில் வெட்டியது.

கோயிலைச் சேர்ந்த ஒரு கல்விச்சாலை, மாணவர் விடுதி, ஆஸ்பத்திரி ஆகியவற்றின் கணக்கை அந்தக் கல்வெட்டு சொல்கிறது. ஆஸ்பத்திரியில் 15 படுக்கைகள். வைத்தியருக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும். எல்லாம் அளவோடு எழுதப்பட்டிருக்கிறது.

15 படுக்கை என்றால் பதினாறாவது நோயாளி காத்திருக்க வேண்டியதுதான். இப்படிப்பட்ட எல்லைகள் இரண்டு விதம். கட்டிடத்தில் அதற்கு மேல் இடம் இல்லை என்பது ஒன்று. இடம் இருந்தாலும் உத்தரவு இல்லை என்பது மற்றொன்று.

இன்று வீடுதோறும் வந்துவிட்ட கம்ப்யூட்டரிலும் இந்த இரண்டு எல்லைகளும் இருக்கின்றன. எது எந்த வகை என்று தெரியாமல் பணத்தைச் செலவழிப்பவர்கள்தான் ஏமாந்து போகிறார்கள்.

விலை ஏறிய சரக்கு

கம்ப்யூட்டரில் இரண்டு விதமான சேமிப்பு உண்டு. ஒன்று ஹார்ட் டிஸ்க். அது பீரோ மாதிரி. வைத்தது வைத்தபடி இருக்கும். மற்றொன்று ரேம் என்னும் நினைவகம். அது வேலை செய்யும் மேஜை மாதிரி. மேஜை பெரிதாக இருந்தால் பல காகிதங்களை ஒரே சமயத்தில் விரித்து வைக்கலாம். சிறிதாக இருந்தால் ஒன்றை எடுத்து வைத்துவிட்டுத்தான் மற்றொன்றை விரிக்க வேண்டும். யந்திரம் ஊர்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

2025-ம் ஆண்டின் பிற்பகுதியில் ரேம் விலை உலகெங்கும் கிடுகிடுவென்று ஏறியது. செயற்கை அறிவு நிலையங்கள் நினைவகச் சில்லுகளை மொத்தமாக வாரிக்கொண்டதே காரணம். அந்த டிசம்பரில் அமெரிக்காவின் மைக்ரான் நிறுவனம், வீட்டு உபயோகத்துக்குத் தான் விற்றுவந்த க்ரூஷல் ரேம் வியாபாரத்தை விட்டு விலகுவதாகவே அறிவித்துவிட்டது.

இப்படி விலை ஏறிய சரக்கை வாங்கிப் பொருத்திய பிறகு, யந்திரம் அதைத் தொடாமலே இருந்தால் எப்படி இருக்கும்? இயங்குதளம் அனுமதித்த அளவுக்கு மேல் ஒரு துளி நினைவகமும் பயன்படாது என்பது பலருக்குத் தெரியாது.

32 கொக்கிகள்

காஞ்சீபுரத்து நெசவாளர்களுக்கு இதை விளக்குவது சுலபம். ஜக்கார்டு பெட்டியில் அட்டை ஓடுகிறது. அட்டையில் துளை இருந்தால் கொக்கி இழையைத் தூக்கும். துளை இல்லாவிட்டால் தூக்காது. கொக்கிகள் இத்தனை என்றால், அந்தக் கணக்குக்கு மேல் பூவேலை விரியாது. வரைபவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் பயனில்லை.

கம்ப்யூட்டரும் துளை உண்டு, துளை இல்லை என்ற இரண்டே சொற்களில்தான் பேசுகிறது. நினைவகத்தின் ஒவ்வோர் அறைக்கும் ஒரு கதவிலக்கம் உண்டு. 32 பிட் இயங்குதளத்தில் அந்த இலக்கத்துக்கு 32 இடங்கள். அவற்றைக் கொண்டு 429 கோடியே 49 இலட்சத்து 67 ஆயிரத்து 296 அறைகளுக்கு இலக்கம் கொடுக்கலாம். அதைத்தான் 4 ஜி.பி. என்கிறார்கள்.

அந்த இலக்கங்களிலும் ஒரு பகுதியைத் திரைக்கும் மற்றச் சாதனங்களுக்கும் ஒதுக்க வேண்டும். அதனால் 4 ஜி.பி. பொருத்தியவருக்குத் திரையில் மூன்று, மூன்றரை என்றுதான் காட்டும். “கடைக்காரர் ஏமாற்றிவிட்டார்” என்று சண்டைக்குப் போகிறவர்கள் உண்டு. பாவம், கடைக்காரர்மீது குற்றம் இல்லை. அது கணக்கின் எல்லை.

ஆனாலும் அந்தக் கணக்கிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. இலக்கத்தை 36 இடங்களுக்கு நீட்டும் வசதி பல பழைய சில்லுகளிலும் உண்டு. அதைக் கொண்டு 2003-ம் ஆண்டின் விண்டோஸ் சர்வர் எண்டர்பிரைஸ் பதிப்பு, 32 பிட்டாக இருந்தும் 64 ஜி.பி. வரை ஆண்டது. வீட்டுப் பதிப்புகளோ 4-லேயே நின்றன. சாதனங்களை இயக்கும் சில மென்பொருள்கள் பெரிய இலக்கங்களைக் கண்டு தடுமாறியதால் அப்படி நிறுத்தியதாக மைக்ரோசாப்ட் விளக்கியது.

பணத்துக்கு ஏற்ற படிக்கட்டு

2009-ல் வெளிவந்த விண்டோஸ் 7-ஐப் பார்த்தால் உண்மை இன்னும் வெளிச்சமாகும். அதன் 64 பிட் வகையில் ஹோம் பேசிக் வாங்கினால் 8 ஜி.பி. வரை. ஹோம் பிரீமியம் 16 ஜி.பி. வரை. புரொபஷனல் 192 ஜி.பி. வரை. யந்திரம் அதேதான், சில்லும் அதேதான். பெயரும் விலையும் மாறினால் நினைவும் வளர்கிறது!

எல்லாவற்றிலும் கடைசிப் படி ஸ்டார்ட்டர் என்ற மலிவுப் பதிப்பு. 32 பிட்டில் மட்டுமே கிடைத்த அதற்கு வைத்த எல்லை 2 ஜி.பி. திரையின் பின்னணிப் படத்தை மாற்றக்கூட அதில் வழி இல்லை. அதற்கு முன்பு, வளரும் நாடுகளுக்கென்று விற்ற எக்ஸ்.பி. ஸ்டார்ட்டருக்கு 512 எம்.பி.தான், ஒரே சமயத்தில் மூன்று புரோகிராம்களுக்கு மேல் திறக்கவும் முடியாது.

32 பிட் கணக்கு 4 ஜி.பி.க்கு இடம் கொடுத்தும், ஸ்டார்ட்டர் 2 ஜி.பி.யில் நின்றது. கட்டிடத்தில் இடம் இருந்தது, உத்தரவு இல்லை.

மாணவர் கைக்கு வந்த பெட்டி

இது தமிழ்நாட்டுக்கு எட்டாத சமாசாரம் அல்ல. 2011 செப்டம்பர் 15-ந் தேதி மாணவர்களுக்கு இலவச மடிக்கணினி வழங்கும் திட்டம் தொடங்கியது. சர்க்கார் நிறுவனமான எல்காட் முதல் ஆண்டுக்கு 9 இலட்சத்து 12 ஆயிரம் கணினிகள் வாங்க ஏற்பாடு செய்தது. 2 ஜி.பி. ரேம். அதோடு விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர்.

கம்ப்யூட்டரையே தொட்டிராத தறிக்காரர் வீட்டுக்கும் உழவர் வீட்டுக்கும் அந்தப் பெட்டி போய்ச் சேர்ந்தது. அது சிறிய காரியம் அல்ல. ஆனால் இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்து, யந்திரம் மெதுவாகிவிட்டதே என்று இன்னொரு 2 ஜி.பி. வாங்கிப் பொருத்தினால் என்ன ஆகும்? ஸ்டார்ட்டரில் ஒன்றும் ஆகாது. “4 ஜி.பி. இருக்கிறது, 2 ஜி.பி. உபயோகமாகும்” என்று திரை அமைதியாகச் சொல்லிவிடும்.

வேடிக்கை என்னவென்றால், வேலி இல்லாத இன்னொரு வழியும் அந்தப் பெட்டிக்குள்ளேயே இருந்தது. விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் அதில் வைக்கப்பட்டிருந்தது. மத்திய சர்க்காரின் சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கி, 2007-ல் வெளியிட்டது. லினக்ஸில் காசுக்கு ஏற்றபடி நினைவை அளந்து விடும் பதிப்புகள் இல்லை. பொருத்திய ரேமை, கணக்கும் யந்திரமும் இடம் தரும் வரை எடுத்துக்கொள்ளும். அதைப் பழக்கிக் கொடுக்க ஆள் இல்லாத இடங்களில் அது திறக்கப்படாமலே கிடந்தது.

இப்போதைய நிலை

2025 அக்டோபர் 14-ந் தேதி விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவச ஆதரவு முடிந்தது. அடுத்ததான விண்டோஸ் 11 குறைந்தபட்சம் 4 ஜி.பி. ரேம் கேட்கிறது. 32 பிட்டில் அது கிடையவே கிடையாது. டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு அமைப்பையும் கேட்கிறது. அந்த அமைப்பு வந்ததே 2014-ல். ஆகையால் 2011-ம் ஆண்டுப் பெட்டிக்கு எவ்வளவு ரேம் போட்டாலும் முறைப்படி அந்த வாசல் திறக்காது. பழைய யந்திரத்தை ஓட்ட நினைப்பவர்களுக்கு லினக்ஸ்தான் கைகொடுக்கும்.

2025 மார்ச் பட்ஜெட்டில் அறிவித்து, 2026 ஜனவரியில் கல்லூரி மாணவர்களுக்கு வழங்கத் தொடங்கிய புதிய மடிக்கணினியில் 8 ஜி.பி. ரேம் இருக்கிறது. விண்டோஸ் 11-ம் பாஸ் லினக்ஸும் இருக்கின்றன. விண்டோஸ் 11-ல் ஹோம் பதிப்பே 128 ஜி.பி. வரை ஏற்கும்; புரோ பதிப்பு 2 டி.பி. வரை ஏற்கும். மாணவர்களைப் பொறுத்தவரை இயங்குதள வேலி இப்போது வெகு தூரத்துக்குப் போய்விட்டது. இனி அவர்கள் பார்க்க வேண்டியது யந்திரத்தின் பலகையை. கூடுதல் ரேம் செருக இடம் இருக்கிறதா, எத்தனை ஜி.பி. வரை ஏற்கும் என்பதுதான் கேள்வி.

ரேம் வாங்கப் போகிறவர்கள் மூன்று விஷயங்களைத் தெரிந்துகொண்டு போவது நல்லது. இயங்குதளம் 32 பிட்டா, 64 பிட்டா? அதன் பதிப்பின் பெயர் என்ன? பலகை எவ்வளவு ஏற்கும்? இந்த மூன்றில் எது சிறியதோ, அதுதான் உண்மையான எல்லை.

பொதுப் பணத்தில் இலட்சக்கணக்கில் வாங்குகிறவர்களுக்கும் இதே விதி பொருந்தும். பெட்டிக்குள் எத்தனை ஜி.பி. இருக்கிறது என்று கேட்டால் போதாது. நாளைக்கு எத்தனை சேர்க்கலாம் என்றும் கேட்க வேண்டும். பெறுகிறவருக்கு அதைத் தமிழில் எழுதியும் கொடுக்க வேண்டும்.

ஸ்டார்ட்டரின் எல்லை ஒன்றும் ரகசியம் அல்ல. ஆங்கிலத்தில், நிபுணர்கள் படிக்கும் அட்டவணையில் அது இருந்தது. திருமுக்கூடலில் 15 படுக்கை என்ற அளவைக் கோயில் சுவரிலே, ஊர் நடமாடும் இடத்திலே வெட்டி வைத்தார்கள். அந்த அளவு குறைவா, போதுமா என்று வாதாடலாம். ஆனால் தெரியாமல் போயிற்று என்று யாரும் சொல்ல முடியாது.