காப்பீட்டு அட்டை மலையேறுமா?



"நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம்" என்று பள்ளிக்கூடச் சுவரில் படித்து வளர்ந்தவர்கள் நாம். நோய் வந்தால் இருக்கிற கொஞ்சச் செல்வமும் போய்விடும் என்று எந்தச் சுவரிலும் எழுதி வைக்கவில்லை. அதை எனக்குக் கற்றுக் கொடுத்தது என் அம்மாவின் வலது கால்.

அம்மா ஏலத்தோட்டக் கூலி வேலைக்குப் போகிறவர். விடியுமுன்னே போடியில் ஜீப் ஏறி, பதினேழு கொண்டை ஊசி வளைவும் கடந்து, போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் கேரள மண்ணில் பூப்பாறை வரை போய்க் காய் எடுத்துவிட்டுச் சாயங்காலம் இறங்குவார். நம் வகுப்பில் எத்தனையோ பேர் வீட்டுக் கதை இதுதான். போன வருடம் மழை நேரத்தில் சரிவில் வழுக்கி விழுந்து கணுக்கால் எலும்பு முறிந்துவிட்டது. அதே ஜீப்பில் படுக்க வைத்து இறக்கிக்கொண்டு வந்தார்கள்.

முதலில் போனது ஒரு தனியார் ஆஸ்பத்திரி. காப்பீட்டு அட்டையை நீட்டினேன். "இங்க கார்டு எடுக்கறதில்ல தம்பி, முன்பணம் கட்டிருங்க" என்றார்கள். எக்ஸ்ரே, ஊசி, கட்டு, ஒரு ராத்திரி படுக்கை எல்லாம் சேர்த்து 6,800 ரூபாய். அம்மாவின் தோடு அடகுக் கடைக்குப் போனது. மறுநாள், "பிளேட் வைக்கணும், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்று அனுப்பினார்கள். க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அதே கார்டில் ஆபரேஷன் நடந்தது. ஒரு பைசா கேட்கவில்லை!

ஒரே கால், ஒரே கார்டு. ஒரு வாசலில் செல்லாக்காசு, இன்னொரு வாசலில் தங்கக்காசு. இது ஏன் என்று யோசித்ததன் விளைவுதான் இந்தக் கட்டுரை.

தமிழ்நாட்டில் 2009-இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. 2012 ஜனவரியில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் வந்தது. 2018 செப்டம்பரில் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டம் தொடங்கி, இரண்டும் இணைக்கப்பட்டன. இன்று ஒரு குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனைக்கும் பணம் போகிறது, அரசு மருத்துவமனைக்கும் போகிறது. ஆக, அரசையும் தனியாரையும் ஒரு காப்பீட்டில் இணைக்கும் வேலை ஏற்கெனவே தொடங்கிவிட்டது. இணைத்த விதம் சரியா என்பதுதான் கேள்வி.

ஹாஸ்டலில் இதைப் பேசினால் இரண்டு கட்சி. "டேய், எல்லாருக்கும் கார்டு குடுத்துட்டாப் போதும்டா, அரசு ஆஸ்பத்திரியே எதுக்கு?" என்பான் ஒருவன். "மக்கள் பணத்தைத் தனியாருக்கு ஏன்டா கொடுக்கணும்?" என்பான் இன்னொருவன். என் பதில் நம் மெஷின்ஸ் லேபில் இருக்கிறது!

இரண்டு ஆல்டர்னேட்டரைப் பாரலல் போடும்போது நினைத்தவுடன் ஸ்விட்ச் போட முடியுமா? வோல்டேஜ் ஒன்றாக வேண்டும், ஃப்ரீக்வென்சி ஒன்றாக வேண்டும், ஃபேஸ் சீக்வென்ஸ் ஒன்றாக வேண்டும். விளக்கு அணைகிற நேரம் பார்த்துத்தான் ஸ்விட்ச். பொருந்தாமல் போட்டால் மெஷின் இரண்டும் கெடும். அரசும் தனியாரும் சேரலாம். ஆனால் மூன்று விஷயம் பொருந்த வேண்டும்.

முதலாவது, விலை. கார்டில் நடக்கும் சிகிச்சைக்கு விலை முன்கூட்டியே நிர்ணயம். கார்டு எடுக்காத இடத்தில் அவர்கள் சொன்னதுதான் விலை. ஜப்பானைப் பாருங்கள். 1961-இல் எல்லோருக்கும் காப்பீடு என்று ஆக்கினார்கள். அங்கே மருத்துவமனைகளில் பெரும்பாலானவை தனியாருடையவை. ஆனால் விலைப்பட்டியல் நாடு முழுவதும் ஒன்றுதான், போடுவது அரசு. இங்கேயும் அப்படி ஒரே விலைப்பட்டியல் வர வேண்டும். போடி போன்ற ஊரின் சின்ன ஆஸ்பத்திரிகளும் அதற்குள் வர வேண்டும்.

இரண்டாவது, அன்றாட நோய். நம் காப்பீடு பெரும்பாலும் படுக்கையில் சேர்ந்தால்தான் பேசும். தோட்டத்தில் மருந்து அடித்து வரும் தலைச்சுற்றல், குளிரில் வரும் இளைப்பு, அட்டைக் கடிப் புண், முதுகுவலி இதற்கெல்லாம் யாரும் படுக்கை போடமாட்டார்கள். மாத்திரையும் டெஸ்டும்தான் கூலியைத் தின்கின்றன. தாய்லாந்தில் 2002-இல் எல்லோருக்கும் என்று கொண்டுவந்த திட்டத்தில், ஒரு தடவை பார்க்க 30 பாத் கட்டினால் போதும். புறநோயாளிக்கும் அது செல்லும். நம் அரசும் 2021-இல் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கி, சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறது. அந்த வழியில் காப்பீடும் இறங்கி வர வேண்டும்.

மூன்றாவது, வரிசை. முதலில் ஆரம்ப சுகாதார நிலையம், அடுத்து நம் ஊர் அரசு மருத்துவமனை, அதற்கும் மேலே போனால்தான் மருத்துவக் கல்லூரியோ தனியாரோ. கீழே இருப்பது பலமாக இல்லாவிட்டால் எல்லோரும் மேலேதான் ஓடுவார்கள், காப்பீட்டுப் பணம் முழுவதும் ஆபரேஷனிலேயே கரையும். அதனால்தான் சொல்கிறேன், கார்டு அரசு ஆஸ்பத்திரிக்குத் துணையே தவிர மாற்று அல்ல.

இதோடு மலைக்காரர்களுக்கு ஒரு தனிக் கஷ்டம், எல்லை. தேசியப் பட்டியலில் உள்ள குடும்பத்துக்கு எந்த மாநிலத்திலும் கார்டு செல்லும் என்பது விதி. அம்மா போகும் ஜீப்பில் யார் எந்தப் பட்டியல் என்று கேட்டுப் பார்த்தேன், ஒருவருக்கும் தெரியவில்லை! 1951-ஆம் வருடத்துத் தோட்டத் தொழிலாளர் சட்டம் ஏலத்தோட்டத்திலும் மருத்துவ வசதி வேண்டும் என்று எழுதியது. ஆனால் 5 ஹெக்டேரும் 15 தொழிலாளரும் உள்ள தோட்டத்துக்குத்தான் அது. சின்னத் தோட்டத்துக்கு ஜீப்பில் போய் வருகிற தினக்கூலிக்கு என்ன கிடைத்தது?

முடியாத காரியமா? இல்லை. 2021 டிசம்பரில் வந்த 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில், தமிழ்நாட்டில் சாலை விபத்தில் சிக்கியவர் எந்த மாநிலத்தவர், கார்டு உண்டா என்று கேட்பதில்லை. பட்டியலில் உள்ள அரசு, தனியார் இரண்டிலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். 2025-இல் மத்திய அரசும் சாலை விபத்துக்கு நாடு முழுவதும் 7 நாள், 1.5 லட்சம் ரூபாய் வரை என்று அறிவித்தது. ரோட்டில் விழுந்தால் ஒரு நியாயம், ஏலச்செடி அடியில் விழுந்தால் ஒரு நியாயமா?

வள்ளுவர் 'மருந்து' அதிகாரத்தின் கடைசிக் குறளில் மருத்துவத்துக்கு நான்கு உறுப்புச் சொல்கிறார்: நோயாளி, மருத்துவர், மருந்து, பக்கத்தில் இருந்து பார்ப்பவர். அந்த நாலில் பணம் இல்லை, கவனித்தீர்களா!

நண்பர்களே, நாளை நாம் மின் வாரியத்திலோ, கம்பெனியிலோ வேலைக்குப் போய்விடுவோம். நமக்கு இ.எஸ்.ஐ.யோ வேறு காப்பீடோ கிடைக்கலாம். நம்மைப் படிக்க வைத்தவர்கள் ஜீப்பில் போய்க்கொண்டே இருப்பார்கள். இந்த வருடம் நம் மாணவர் பேரவை ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒதுக்கட்டும். ஜீப் நிற்கும் இடத்திலேயே மேசை போட்டு, யாரிடம் கார்டு இருக்கிறது, எந்தப் பட்டியல், எந்த ஆஸ்பத்திரியில் செல்லும் என்று எழுதிக் கொடுப்போம். இல்லாதவருக்கு வருமானச் சான்று வாங்க உடன் போவோம்.

அம்மா இப்போது கொஞ்சம் தாங்கித் தாங்கித்தான் நடக்கிறார். ஆனாலும் ஜீப் ஏறுகிறார். அவர் ஏறும் மலைக்கு அவர் கார்டும் ஏற வேண்டும். சிந்திப்போம், செயல்படுவோம்!

- மூன்றாமாண்டு மாணவன், மின் மற்றும் மின்னணுத் துறை