தூக்கியடிக்கத் தடை

ஓசூர் சாலை நெரிசலில் நீந்தி, பொம்மனஹள்ளியிலிருந்து கண்டீரவா மைதானம் சேரும் கால்பந்து ரசிகருக்கு 2016 ஒரு புதிர். உடல்வலுவை நம்பிய ஆஷ்லி வெஸ்ட்வுட்டின் நேரடி ஆட்டம் பெங்களூரு எஃப்.சி.க்கு மூன்று சீசன்களில் இரண்டு ஐ-லீக் பட்டங்களைத் தந்திருந்தது. ஜெயிக்கிற பாணியை யாராவது மாற்றுவார்களா?

மாற்றினார் புதிய பயிற்சியாளர் ஆல்பர்ட் ரோகா, பார்சிலோனாவில் ரைக்கார்டின் முன்னாள் உதவியாளர். பந்தைப் பின்களத்திலிருந்தே காலுக்குக் காலாகக் கடத்த வேண்டும். வழியில் பறிபோனால் ஆபத்து சொந்த கோல் வாசலில்தான்.

அக்டோபரில் நடப்பு சாம்பியன் ஜோகூர் அணி 3-1 என வீழ்ந்தது. சேத்ரிக்கு இரண்டு கோல். ஏ.எஃப்.சி. கோப்பை இறுதியாட்டத்துக்கு முதன்முறையாக ஓர் இந்திய கிளப்! தோஹாவில் இராக் விமானப்படை அணியிடம் 0-1 தோல்வி.

அடுத்த ஐ-லீகில் நான்காம் இடம். முணுமுணுக்க இது போதாதா? நிர்வாகம் அசையவில்லை. 2017 மே மாதம் கட்டாக்கில் மோகன் பகானை 2-0 என வென்று ஃபெடரேஷன் கோப்பையோடு திரும்பினார் ரோகா.