ஆறு ஃபேன் போட்டா ஆறுமா?

கடைக்காரர் அந்த கேபினெட்டைக் காட்டினப்போ நானும் வாயைப் பிளந்துட்டுத்தான் நின்னேன். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி, உள்ள ஆறு ஃபேன், ஒவ்வொண்ணுலயும் வானவில் கணக்கா விளக்கு. கல்யாண மண்டபத்து சீரியல் செட் தோத்துடும். "ஆறு ஃபேன் சார், ஹீட்டே ஆகாது"ன்னார். இன்ஜினியரிங் படிச்ச மூளை அந்த நேரம் பார்த்து லீவுல போயிடுச்சு. வாங்கிட்டேன்.

மே மாசம் வந்தது. சென்னை, ஏசி இல்லாத ஹால். கேம் ஆரம்பிச்சு அரை மணி நேரத்துல கிராஃபிக்ஸ் கார்டு 84 டிகிரி. ஆறு ஃபேனும் அலறுது. அதே ஹாலில் படுத்திருந்த அம்மா எழுந்து, "பதினோரு மணிக்கு யாருடா கிரைண்டர் போடுறது?"ன்னு கேட்டாங்க.

வெறுத்துப் போய் முன்பக்கக் கண்ணாடியைக் கழட்டி ஓரமா சாத்தி வெச்சேன். பத்து நிமிஷத்துல 75 டிகிரி! நயா பைசா செலவில்லை. அப்பதான் உறைச்சது. கண்ணாடி ஓரத்துல இருந்த விரல் அகல இடுக்கு வழியாத்தான் முன்னாடி இருந்த மூணு ஃபேனும் இத்தனை நாளா மூச்சு முட்ட முட்ட காத்தை இழுத்துட்டு இருந்திருக்கு.

அதனால என் கட்சி இதுதான்: எண்ணிக்கைக்குக் காசு கொடுக்காதீங்க. முதல்ல காத்து வர்ற வழியைப் பாருங்க, அப்புறம் ஃபேன்.

கணக்கு ரொம்ப சிம்பிள். உள்ள வர்ற காத்தை விட வெளிய போற காத்து 10 டிகிரி சூடா இருந்தா பரவாயில்லைன்னு வெச்சுக்குவோம். 300 வாட் சூட்டை வெளியேத்த நிமிஷத்துக்குச் சுமார் 53 கன அடி காத்து, அதாவது 53 சிஎஃப்எம் போதும். உருப்படியான ஒரே ஒரு 120 மிமீ ஃபேனோட அட்டைப்பெட்டியிலயே இதுக்கு மேல போட்டிருப்பான். அப்புறம் எதுக்கு ஆறு?

இதுல ஒரு பிடி இருக்கு. பெட்டியில போடுற சிஎஃப்எம், எதிர்ல எந்தத் தடையும் இல்லாம அளந்தது. பக்கத்துலயே இருக்கிற ஸ்டாடிக் பிரஷர், காத்தே ஓடாதபடி அடைச்சு வெச்சு அளந்தது. ரெண்டும் சேர்ந்து ஒருநாளும் கிடைக்காது. தூசி வடிகட்டி, ரேடியேட்டர் மாதிரி தடை இருக்கிற இடத்துக்கு ஸ்டாடிக் பிரஷர் அதிகமுள்ளதா வாங்கணும். பின்பக்கத்து ஓட்டைக்கு அவ்வளவு மெனக்கெட வேண்டாம்.

அடுத்தது சத்தம். ஒரு ஃபேனோட வேகத்தைப் பாதியாக்கினா காத்தும் பாதியாகுது, ஆனா சத்தம் கிட்டத்தட்ட 15 டெசிபெல் இறங்குது. எவ்வளவு லாபம் பாருங்க! அதனால இடம் இருந்தா 140 மிமீ வாங்கி மெதுவா ஓட்டுறதுதான் புத்திசாலித்தனம். நாலு பின் உள்ள பிடபிள்யூஎம் ஃபேன்னா மதர்போர்டே சூட்டுக்குத் தகுந்த மாதிரி வேகத்தைக் கூட்டிக் குறைச்சுக்கும். என் வானவில் ஃபேன்கள் நேரா பவர் சப்ளையில சொருகுற ரகம். சூடா இருந்தாலும் இல்லாட்டியும் ஒரே ஓட்டம்தான்.

பேரிங்கையும் பாருங்க. மலிவான ஸ்லீவ் பேரிங்ல எண்ணெய் காய்ஞ்சதும் 'கர்ர்' ஆரம்பிச்சுடும். ஃப்ளூயிட் பேரிங் தாங்கும். இதுக்காக நோக்டுவா பழுப்பு ஃபேனுக்கு சொத்தை எழுதி வைக்கணும்னு இல்லை (நல்ல சரக்குதான், மறுக்கலை). ஆர்க்டிக் பி12 மாதிரி விலை குறைஞ்சதே நம்ம வேலைக்குத் தாராளம்.

இன்னொண்ணு, நம்ம ஊர் தூசி. வெளிய தள்ளுற காத்தை விட உள்ள வர்றது கொஞ்சம் கூடுதலா இருக்கட்டும். இல்லேன்னா இண்டு இடுக்கு வழியெல்லாம் வடிகட்டாத காத்து நுழைஞ்சு புழுதியை அப்பிடும்.

எத்தனை ஃபேன் போட்டாலும் ரூமோட சூட்டுக்குக் கீழ இறங்காதுங்கிறதையும் சொல்லிடறேன். ரூமே 36 டிகிரின்னா உள்ள போற காத்தும் 36 தான். விளக்கு பிடிச்சவங்க விளக்கு வாங்கட்டும், தப்பே இல்லை. அதையே கூலிங்னு சொல்லி விக்கிறதுதான் எரிச்சலா இருக்கு.

கடைசியில வலை முகப்பு வெச்ச சாதா கேபினெட்டுக்கு மாறிட்டேன். முன்னாடி ரெண்டு 140, பின்னாடி ஒரு 120. அதே கேம், 72 டிகிரி. அம்மா நிம்மதியா தூங்குறாங்க. பழைய ஆறு ஃபேனும் பரண் மேல கிடக்கு. கொலுப்படிக்கு ரெண்டு பக்கமும் வெக்கலாமாடான்னு அம்மா கேட்டிருக்காங்க.